நடமாடும் நிழல்: வெப்பம் காக்கும் ஆடையும் நம் வாசிப்பின் பிழையும்

ஆடையைப் பற்றிப் பேசும் நம் சொற்பொழிவுகள் பெரும்பாலும் திருமறையின் இரண்டு இடங்களையே எடுத்தாள்கின்றன. ஒன்று அந்நூர் அத்தியாயத்தின் 31ஆம் வசனம். மற்றொன்று அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 59ஆம் வசனம். இரண்டும் மறைத்தலைப் பற்றியவை. மறைத்தலோடு அழகையும் ஆடையின் பயனாகக் கூறுவது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26ஆம் வசனம். இவற்றோடு சேர்த்து ஓதப்பட வேண்டிய நான்காவது இடம் ஒன்று உண்டு. அது அந்நஹ்ல் அத்தியாயத்தின் 81ஆம் வசனம். அது மறைத்தலைப் பேசவில்லை, காத்தலைப் பேசுகிறது.

அவ்வசனத்தில் அல்லாஹ் தன் அருட்கொடைகளை ஓர் ஒழுங்கில் எண்ணிக் காட்டுகிறான். முதலில் நிழல், அடுத்து மலைகளில் ஒதுங்கும் இடங்கள், அதன்பின் வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகள், இறுதியில் போரில் காக்கும் கவசங்கள். ஆடைக்கு அங்கே ஆளப்பட்டுள்ள சொல் 'ஸராபீல்'. இது 'ஸிர்பால்' என்பதன் பன்மை. உடலில் அணியப்படும் சட்டை போன்றவற்றை இச்சொல் குறிக்கும். கம்பளி, சணல்நார், பருத்தி முதலியவற்றால் ஆன சட்டைகளும் உடைகளும் இதில் அடங்கும் என ஸமக்ஷரீ (மறைவு 1144) தம் 'அல்கஷ்ஷாஃப்' விரிவுரையில் எழுதுகிறார்.

விரிவுரையாளர்கள் இங்கே ஒரு வினாவை எழுப்பினர். ஆடை குளிரிலிருந்தும் காக்கிறதே, வெப்பத்தை மட்டும் கூறியது ஏன்? இமாம் தபரீ (மறைவு 923) எடுத்துக்காட்டும் அதாஉல் குராஸானீயின் விடை, இவ்வசனத்தை முதலில் கேட்டோர் வெப்ப நாட்டு மக்கள் என்பதாகும். அவர்கள் அறிந்ததைக் கொண்டே அவர்களிடம் பேசப்பட்டது. ஸமக்ஷரீயும் அம்மக்களுக்கு வெப்பத்திலிருந்து காப்பதே முதன்மையான தேவையாக இருந்தது என்கிறார்; வெப்பத்தைத் தடுப்பது குளிரையும் தடுக்கும், ஆதலால் ஒன்றைக் கூறியதில் மற்றதும் அடங்கியது என்ற கருத்தையும் உடன் பதிவு செய்கிறார். அதே அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தில் கால்நடைகளால் கிடைக்கும் கதகதப்பு முன்னரே கூறப்பட்டுவிட்டது என்பதும் நோக்கத்தக்கது.

ஒரு சொல் ஏன் வந்தது, இன்னொரு சொல் ஏன் வரவில்லை, யாரிடம், எந்த நிலத்தில் கூறப்பட்டது என்றெல்லாம் வினவி வாசிப்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற மரபு. இறைவேதத்தையே இவ்வளவு நுணுகி வாசித்த ஒரு சமுதாயம், மனிதர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையை இன்று எவ்வாறு வாசிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கவலை.

ஒரு மேடைப் பேச்சு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்கள் மதரஸாவின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தோம். சித்திரை மாதத்து நண்பகல். மேடைக்கு மின்விசிறி இருந்தது. மாணவியர் அமர்ந்திருந்ததோ தகரக் கொட்டகை. சொற்பொழிவாளர் ஒருவர், 'கறுப்பு ஆடைதான் பாலைவனத்தில் குளிர்ச்சி தரும் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள். நம் பெண்களுக்குப் புர்காவால் புழுக்கம் என்பது பகைவரின் கற்பனை' என்று முழங்கினார். அவர் பேச்சு முடியுமுன் இரு மாணவியரைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துச் சென்றனர்.

அச்சொற்பொழிவாளரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. இவ்வாதம் பலராலும் சொல்லப்படுகிறது, நல்லெண்ணத்தோடுதான் சொல்லப்படுகிறது. ஆனால் நல்லெண்ணம் சான்றாகிவிடாது. எனவே அந்த ஆய்வு உண்மையில் கூறுவதென்ன என்று காண்போம்.

ஆய்வு கூறியதும் கூறாததும்

1980ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் ஷ்கோல்னிக், டெய்லர், ஃபின்ச், போருட் ஆகிய நால்வர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். கடும் வெப்பப் பாலையில் பதூ அரபிகள் ஏன் கறுப்பு அங்கி அணிகின்றனர் என்பதே அதன் வினா. மூஸா நபி (அலை) தம் மக்களோடு கடந்த சீனாய்ப் பாலைவனத்தை நினைவுகூர்ந்து கட்டுரை தொடங்குகிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் மக்கள் வெப்பத்தை வெல்லும் வழியை நன்கறிந்திருப்பர். அவர்கள் ஏன் கறுப்பு அங்கி உடுத்திக் கறுப்பு ஆடுகளை மேய்க்கின்றனர்? இதுவே அவர்களை ஆய்வுக்குத் தூண்டிய வியப்பு.

சாக்கடலுக்கும் அகபா வளைகுடாவுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் சோதனை நடந்தது. ஒரு மனிதர் நண்பகலில் கதிரவனை நோக்கி நின்றார். ஒருமுறை கறுப்பு அங்கி. ஒருமுறை அதே போன்ற வெள்ளை அங்கி. ஒருமுறை பழுப்பு நிறப் படைவீரர் சீருடை. ஒருமுறை அரைக்கால் சட்டை மட்டும். ஒவ்வொரு சோதனையும் 30 நிமிடம். காற்றின் வெப்பம் 35 முதல் 46 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது.

கண்ட முடிவு இது: கறுப்பு அங்கி அணிந்தாலும் வெள்ளை அங்கி அணிந்தாலும் உடல் பெறும் வெப்பம் ஒரே அளவுதான். கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை ஈர்க்கிறது என்பது உண்மை. ஆனால் அக்கூடுதல் வெப்பம் தோலை எட்டுமுன் வெளியேறிவிடுகிறது. இதற்குத் தரப்படும் விளக்கம் எளியது. அங்கி தொளதொளப்பானது. துணிக்கும் தோலுக்கும் இடையே காற்றுவெளி இருக்கிறது. துணி சூடேற, அவ்வெளியிலுள்ள காற்றும் சூடேறி, அடுப்புப் புகைபோக்கியில் புகை ஏறுவதுபோல் மேலெழுந்து வெளியேறுகிறது. கீழிருந்து புதுக்காற்று நுழைகிறது. காற்று வீசும்போதும் நடக்கும்போதும் அங்கி துருத்தி போல் விரிந்து சுருங்கி அவ்வேலையை விரைவுபடுத்துகிறது.

இனி மேடை வாதத்தை இதன் அருகே வைத்துப் பார்ப்போம். 'கறுப்பே குளிர்ச்சி' என்று ஆய்வு கூறவில்லை. 'சமம்' என்றே கூறியது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கறுப்பு நன்மை செய்யக்கூடும் என்பது ஆய்வாளர்கள் தொடக்கத்தில் கொண்டிருந்த எதிர்பார்ப்பு. மாடு, புறா ஆகியவற்றின் வெண்ணிற மயிரும் இறகும் கதிரொளியைக் கறுப்பினும் ஆழமாகத் தோல் வரை செல்ல விடுகின்றன என்ற முந்தைய சோதனைகளே அவ்வெதிர்பார்ப்புக்கு அடிப்படை. பதூக்களின் அங்கியில் அது நிறைவேறவில்லை என்பதையே அவர்கள் எழுதினர். ஆக, ஆய்வு எந்த எதிர்பார்ப்பை மெய்ப்பிக்கவில்லையோ அதனையே ஆய்வின் முடிவென்று நாம் முழங்கிக் கொண்டிருக்கிறோம். ஒரு நபிமொழியில் முன்பகுதியை விட்டுப் பின்பகுதியை மட்டும் கூறுபவரை நாம் எவ்வாறு மதிப்பிடுவோமோ, அவ்வாறே இதனையும் மதிப்பிட வேண்டும்.

நிலமும் வேறு. பாலைவனக் காற்று உலர்ந்தது; வியர்வை சுரந்தவுடன் ஆவியாகும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். இதுவே மனித உடலுக்கு இறைவன் அமைத்த குளிரூட்டும் ஏற்பாடு. சூழ்காற்று தோலைவிட வெப்பமாகிவிட்டால் வேறு வழியே இல்லை. ஆவியாதல் ஒன்றே காப்பு. நம் கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றிலோ வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. வழிந்தோடும் வியர்வை உடலின் நீரைக் குறைக்குமேயன்றி வெப்பத்தைக் குறைக்காது. இங்கே ஆடைக்குள் காற்றோட்டம் பாலைவனத்தினும் பன்மடங்கு தேவை.

நபித்தோழர் காலத்துச் சான்று

ஆடையின் புழுக்கத்தைப் பேசுவது ஏதோ புதுமைவாதிகளின் வழக்கம் என்று கருதுவோருக்கு அபூதாவூதில் ஓர் அறிவிப்பைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். வெள்ளிக்கிழமைக் குளிப்பு கட்டாயமா என்று இராக் மக்கள் சிலர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்டனர். அதற்கு அவர்கள் அக்குளிப்பு தொடங்கிய வரலாற்றையே விடையாகக் கூறினார்கள். அக்கால மக்கள் உழைப்பாளிகள். கம்பளி உடுத்தி முதுகில் சுமை சுமந்தவர்கள். பள்ளிவாசல் குறுகலானது, கூரை தாழ்வானது. வெப்பம் மிகுந்த ஒரு நாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வந்தபோது மக்கள் அக்கம்பளிக்குள் வியர்த்து, அவ்வாடையால் ஒருவருக்கொருவர் துன்பம் ஏற்பட்டிருந்தது. அதனை உணர்ந்தே குளித்து நறுமணம் பூசி வருமாறு அவர்கள் பணித்தார்கள். பின்னர் அல்லாஹ் நலம் அளித்தான். மக்கள் கம்பளி அல்லாதவற்றை உடுத்தினர். கடும் உழைப்பு குறைந்தது. பள்ளிவாசலும் விரிவாக்கப்பட்டது என்று அவ்வறிவிப்பு நிறைவுறுகிறது.

இந்த அறிவிப்பை ஃபிக்ஹ் பாடத்தில் குளிப்பின் சட்டத்துக்காக மட்டும் கற்பிக்கிறோம். அதில் வெப்பத்தைப் பற்றிய முழுமையான நோட்டமும் இருக்கிறது. துணி, உழைப்பு, கூரை என மூன்று காரணங்களை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். மூன்றும் மாறியதை இறையருள் என்று போற்றுகிறார்கள். மக்களின் புழுக்கத்தைக் கற்பனை என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) தள்ளிவிடவில்லை என்பதே நாம் இங்கே கற்க வேண்டிய பாடம்.

வெப்பத்தால் நெற்றி தரையில் பதியாதபோது ஆடையின் ஓரத்தை விரித்து அதன்மேல் ஸஜ்தா செய்த நபித்தோழர்களின் செய்தியை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அது புகாரீயில் உள்ளது. இப்னுல் கய்யிம் (மறைவு 1350) தம் 'ஸாதுல் மஆத்' நூலில் நபிகளாரின் தலைப்பாகையை ஒரு மருத்துவரின் கண்கொண்டு நோக்குகிறார். தலைக்குச் சுமையாகும் அளவு பெரிதுமன்று, வெப்பத்திலிருந்தும் குளிரிலிருந்தும் காக்க இயலாத அளவு சிறிதுமன்று, நடுத்தரமானது என்கிறார். ஆடையின் அளவை உடல்நலத்தோடு பொருத்திப் பார்ப்பது நம் அறிஞர்களுக்கு அயலான சிந்தனையன்று.

நான்கு அளவுகோல்கள்

இவ்வெளிச்சத்தில் இன்று நம் கடைத்தெருக்களில் தொங்கும் கறுப்புப் புர்காவை ஆராய்வோம். ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது போல் அது பேசப்படுகிறது. நம் தாய்மார் காலத்தில் பல ஊர்களில் வெளியே செல்லும் பெண்கள் போர்த்தியது பருத்தியாலான வெள்ளைத் துப்பட்டி. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்களின் பெட்டிகளில்தான் கறுப்பு அபாயா நம் வீடுகளுக்குள் பரவலாக வந்தது. வந்ததில் குறையில்லை, வந்ததை ஆராயாது ஏற்றதில்தான் குறை.

வெப்பம் காக்கும் ஆடையை இழை, நெசவு, வெட்டு, அடுக்கு என்ற நான்கு அளவுகோல்களால் அளக்கலாம்.

இழையை எடுத்துக்கொள்வோம். நிலையான சோதனைச் சூழலில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடும், கம்பளி 16 விழுக்காடும் காற்றின் ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடுதான். ஆயினும் இவ்வெண்களை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது. மிகுதியாக ஈரம் ஏற்கும் கம்பளிக்குள்தான் மதீனத்து மக்கள் வியர்த்தார்கள். விளையாட்டு வீரர்களுக்கென நெய்யப்படும் பாலியெஸ்டரோ வியர்வையைத் துணியின் வெளிப்புறத்துக்குக் கடத்தி விரைவில் உலர்கிறது. எனவே இழையோடு நெசவையும் சேர்த்தே நோக்க வேண்டும். நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பது காற்றுப் புகாமல் நெருங்க நெய்யப்பட்ட, வியர்வையைக் கடத்தும் அமைப்பில்லாத பாலியெஸ்டர். இழையாலும் நெசவாலும் அது தோற்கிறது.

மூன்றாவது அளவுகோலான வெட்டுதான் உயிர்நாடி. பதூக்களின் அங்கி தோளிலிருந்து தொங்கியது, உடலை ஒட்டவில்லை. கறுப்பின் கேட்டைப் போக்கியது அந்த இடைவெளியே. இன்று இடுப்பில் சுருக்கி, கையில் இறுக்கித் தைக்கப்படும் புர்காவில் அவ்விடைவெளி இல்லை. துணி தோலோடு ஒட்டும்போது கறுப்பு ஈர்த்த வெப்பம் நேரே உடலுக்குள் செல்கிறது. இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும். பெண்ணின் மேலாடை உடலமைப்பைக் காட்டாதவாறு அகலமாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் நிபந்தனை. காற்றோட்டத்துக்கு அகலமாக இருக்க வேண்டும் என்பது வெப்பத்தின் நிபந்தனை. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இறுக்கித் தைத்த புர்கா மார்க்கத்தின் அளவுகோலிலும் உடல்நலத்தின் அளவுகோலிலும் ஒருசேரத் தவறுகிறது.

நான்காவது அடுக்கு. உள்ளே முழு உடை, அதன்மேல் புர்கா, தலைக்கு நைலான் உள்தொப்பி, அதன்மேல் முக்காடு, முகத்திரை என ஐந்து அடுக்குகள் சேர்ந்தால் எந்தக் காற்றும் தோலை எட்டாது. ஒவ்வோர் அடுக்கும் தன்னளவில் மெல்லியதாயினும் கூடி நிற்கையில் அது அடைபட்ட அறை. மேலாடையே முழுமையாக மறைக்கும்போது உள்ளாடையை எளிமையாக்கிக்கொள்ள மார்க்கத்தில் தடையில்லை.

நிறம் பற்றி

அப்படியாயின் கறுப்பை விலக்க வேண்டுமா? அதுவுமன்று. நபிகளார் (ஸல்) மக்காவை வென்று நுழைந்தபோது கறுப்புத் தலைப்பாகை அணிந்திருந்த செய்தி முஸ்லிமில் உள்ளது. ஹிஜாப் பற்றிய வசனம் இறங்கியபின் அன்ஸாரிப் பெண்கள் தலைமேல் காகங்கள் அமர்ந்தாற்போல் வெளிவந்ததாக உம்மு ஸலமா (ரலி) கூறும் அபூதாவூதின் அறிவிப்பைக் கொண்டு கறுப்பின் சிறப்பைப் பேசுவோர் உளர். அது அவர்கள் அணிந்ததைத் தெரிவிக்கிறது. மற்ற நிறங்களை விலக்கவில்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் முறையிட வந்த பெண்ணொருவர் பச்சை முக்காடு அணிந்திருந்ததை இக்ரிமா வாயிலாக இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார்; அதனைப் பச்சை ஆடைகள் என்ற தலைப்பின்கீழேயே அமைத்துள்ளார். வெண்ணிற ஆடையை நபிகளார் விரும்பிப் பரிந்துரைத்த செய்தி திர்மிதீயிலும் அபூதாவூதிலும் உண்டு. அதனைப் பின்பற்றி நாம் வெள்ளை ஜுப்பாவும் வெள்ளை வேட்டியும் உடுத்தி, அதே வெயிலில் நிற்கும் நம் வீட்டுப் பெண்களுக்குக் கறுப்பின் குளிர்ச்சியை விளக்குகிறோம். இம்முரண் நம்மை உறுத்த வேண்டும்.

வெளிர்நிற மெல்லிய துணி தோல் தெரியும்படி ஆகிவிடுமே என்பது முறையான ஆட்சேபம்தான். தோலின் நிறம் தெரியலாகாது என்பது அசைக்க முடியாத நிபந்தனை. ஆனால் அது ஒரு நெசவுச் சிக்கல். அதற்கு நெசவிலேயே தீர்வு உண்டு. மெல்லிய நூலில் நெருக்கமாக நெய்து சாம்பல், பழுப்பு, கரும்பச்சை போன்ற நிறங்களில் சாயமிட்ட பருத்தி, வெள்ளையைவிட நன்கு மறைக்கும். தளர்வான நெசவுடைய துணியை இரண்டாக அமைத்தால் மறைப்பும் கிட்டும், காற்றும் நுழையும். அகன்ற கை உயரும்போது முழங்கை தெரியாதிருக்க உள்ளே ஒரு மெல்லிய கைப்பட்டை போதும். கழுத்தருகே வெப்பக்காற்று வெளியேற முக்காட்டின்கீழ் மறைவான திறப்பு அமைக்கலாம். நெசவும் தையலும் நம் மக்களின் கைத்தொழில்கள். தைப்பவரும் உடுத்துபவரும் ஆலிம்களும் கலந்து பேசினால் இவை இயலாதவையல்ல. பேச்சைத் தொடங்குமுன் உடுத்துபவரைக் கேட்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை.

ஆடையின் எல்லை

ஆடையைப் பற்றி இவ்வளவு கூறியபின் ஆடையால் இயலாததையும் கூறுவது நேர்மை. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியை எட்டியது. அவ்வாண்டு ஹாஜிகளில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதிச்சீட்டு இல்லாமல் வந்தோர். தங்குமிடமும் நிழலுமின்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்றும் அவ்வறிவிப்புக் கூறியது. இஹ்ராம் உடையின் அமைப்பில் குறையில்லை. தைக்கப்படாத இரு துணிகள். பொத்தானோ இறுக்கமோ இல்லை. காற்று தடையின்றிச் செல்லும். அத்தகைய ஆடையை உடுத்திய ஆண்களும் அவ்வெயிலில் மடிந்தனர்.

2025ஆம் ஆண்டு சவூதியா விமான நிறுவனம் தோலின் வெப்பத்தை 1 முதல் 2 டிகிரி வரை குறைக்கும் என்ற அறிவிப்போடு குளிர்ச்சி தரும் இஹ்ராம் துணி ஒன்றை அறிமுகம் செய்தது. இத்தகைய முயற்சிகளை வரவேற்கிறோம். ஆயினும் 50 டிகிரி வெயிலில் நிழலற்று நடப்பவருக்கு முதலில் தேவை துணியன்று. கூரையும் நீரும் ஓய்வுமே. அந்நஹ்ல் வசனத்தின் வரிசையை நினைவுகூர்க. நிழல் முதலில்; ஒதுங்குமிடம் அடுத்து; ஆடை மூன்றாவது. முதலிரண்டும் எட்டாத இடத்துக்கு மனிதன் தன்னோடு எடுத்துச் செல்லும் நிழலே ஆடை. தகரக் கொட்டகையில் அமர்ந்திருந்த அம்மாணவியருக்கு இம்மூன்றுமே கிட்டவில்லை. ஒரு வாதம் மட்டுமே கிட்டியது.

விடைபெறும் ஹஜ்ஜில் தாம் கண்ட காட்சியொன்றை உம்முல் ஹுஸைன் (ரலி) கூறுகிறார்கள். முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. உஸாமாவும் பிலாலும் (ரலி) நபிகளாருடன் சென்றனர். ஒருவர் ஒட்டகத்தின் கடிவாளத்தைப் பிடித்திருந்தார். மற்றவர் தம் ஆடையை உயர்த்திப் பிடித்து, ஜம்ரத்துல் அகபாவில் கல்லெறிந்து முடிக்கும் வரை அல்லாஹ்வின் தூதரை வெப்பத்திலிருந்து மறைத்து நின்றார். இஹ்ராமில் ஆண் தலையை மூடலாகாது. ஆயினும் நிழல் பெறலாம் என்பதற்கு அறிஞர்கள் இதனைச் சான்றாகக் கொள்கின்றனர். நாம் அதில் இன்னொரு சட்டத்தையும் காண்கிறோம். வெயிலில் நிற்பவரிடம் வெயில் இல்லை என்று வாதிடுவதன்று, நம் கையிலுள்ள துணியை அவருக்கு நிழலாக உயர்த்திப் பிடிப்பதே ஸுன்னத்.